மாட்டுக்குள் ஒரு மனித குரோமோசோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் மரபணு பற்றி வகுப்பெடுக்கப் போகும்போது ஒரு பசுவின் படத்தைக் காட்டுவேன். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் வளர்க்கப்படும் பசு அது. பார்க்க வேறு எந்த மாட்டையும் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் ரத்தத்தில் ஓடுவது மனித எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பிடித்து முடக்க மனித உடம்பு சுரக்கும் புரதம். அதைத் தயாரிப்பது அதன் செல்லுக்குள் இருக்கும் ஒரு செயற்கை குரோமோசோம். இதைச் சொன்னதும் வகுப்பு கலகலக்கும். பிறகு டீ குடிக்கும் இடத்திலும், பஸ் ஏற்றிவிட வரும் வழியிலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"குரோமோசோமை எப்படி சார் செயற்கையா செய்வாங்க? பிளாஸ்டிக் மாதிரியா?"

இல்லை. மூலப்பொருள் அதே டி.என்.ஏ.தான். எதை வைப்பது, எதை நீக்குவது என்று மனிதர் முடிவுசெய்வதால் 'செயற்கை' என்கிறோம். ஒரு டி.என்.ஏ. இழை குரோமோசோமாக நடந்துகொள்ள மூன்று வேண்டும். செல் பிரியும்போது பிடித்து இழுக்கக் கொக்கிபோல ஒரு பகுதி, அது சென்ட்ரோமியர். முனைகள் பிரிந்துபோகாமல் காக்கும் மூடி, அது டீலோமியர். மூன்றாவது, படியெடுப்பைத் தொடங்கும் இடங்கள். இந்த மூன்றும் இருந்தால் செல் அதைத் தன்னுடைய குரோமோசோம்களில் ஒன்றாகவே நினைத்துப் படியெடுத்து இரண்டு மகள் செல்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்.

1983இல் ஆண்ட்ரூ மரேயும் ஜாக் ஷோஸ்டாக்கும் ஈஸ்ட் செல்லில் இதைச் செய்துகாட்டினார்கள். 1997இல் ஹன்டிங்டன் வில்லர்டின் குழு மனித செல்லில் செய்தது. அவர்களுடைய வழி, துண்டுகளைச் சேர்த்துக் கீழிருந்து கட்டுவது. இன்னொரு வழி, இயற்கையான குரோமோசோமை எடுத்து வேண்டாததையெல்லாம் வெட்டிக் குறுக்குவது. நம் பசுவுக்குப் போனது இந்த இரண்டாம் வகை.

"மரபணுவை ஊசியால கருவுக்குள்ள ஏத்துவாங்கன்னு படிச்சிருக்கோம். அது போதாதா?"

சின்ன மரபணு என்றால் போதும். இங்கே பிரச்சினை நீளம். எதிர்ப்பொருள் என்பது கனமான, இலேசான இரு வகைப் புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. மனித எதிர்ப்பொருளின் கனச் சங்கிலிக்கான பகுதி 14ஆம் குரோமோசோமில் சுமார் 12 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்குக் கிடக்கிறது. இலேசான சங்கிலிக்கான கப்பா பகுதி 2ஆம் குரோமோசோமிலும், லாம்டா பகுதி 22ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. அவையும் ஏறத்தாழ இதே மாதிரி நீளம். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் பாக்டீரியச் செயற்கை குரோமோசோமே சுமார் 3 லட்சம் எழுத்துக்குமேல் சுமக்காது.

துண்டு துண்டாக ஏற்றலாமே என்றால், அதுவும் ஆகாது. எதிர்ப்பொருள் மரபணு என்பது முழுதாக எழுதிவைத்த வாக்கியமல்ல, கலைத்துப் போட்ட அச்செழுத்துப் பெட்டி. எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் வெள்ளணுவுக்கு பி செல் என்று பெயர். ஒவ்வொரு பி செல்லும் அந்தப் பெட்டியிலிருந்து தனக்கென்று சில துண்டுகளைப் பொறுக்கிக் கோத்து ஒரு புது எதிர்ப்பொருளை எழுதுகிறது. கோடிக்கணக்கான வகைகள் வருவது அப்படித்தான். பெட்டி முழுதாகப் போனால்தான் விளையாட்டு நடக்கும்.

ஊசியால் ஏற்றும் மரபணு எங்கே போய் ஒட்டும் என்பதும் நம் கையில் இல்லை. நல்ல மரபணு ஒன்றின் நடுவில் செருகிக்கொள்ளலாம். அக்கம்பக்கம் அதை ஊமையாக்கிவிடலாம். செயற்கை குரோமோசோம் எதிலும் செருகாமல் தனியே நிற்கும். ஓடும் ரயிலில் நிறைந்த பெட்டிக்குள் இருக்கையைத் திணிப்பதற்கும், கடைசியில் தனிப் பெட்டி ஒன்றைக் கோப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

"எதிர்ப்பொருள்னா தடுப்பூசிதானே?"

அல்ல. தடுப்பூசி உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. எதிர்ப்பொருள் வேறொருவர் எழுதிய விடையை வாங்கிக்கொள்வது. நாய் ஆழமாகக் கடித்துவிட்டால் கையில் தடுப்பூசி போடுவதோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்துகிறார்களே, அது எதிர்ப்பொருள். பாம்புக்கடிக்கு ஏற்றும் நஞ்சுமுறி மருந்தும் அதேதான்.

"அதெல்லாம் குதிரையிலேர்ந்துதானே எடுக்கறாங்க? மாட்டை ஏன் தொந்தரவு பண்ணணும்?"

நல்ல கேள்வி. எமில் ஃபான் பேரிங் தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊனீர் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீர்) மருந்தைக் கண்டுபிடித்து 1901இல் நோபல் வாங்கியதிலிருந்து குதிரை நமக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் குதிரையின் எதிர்ப்பொருள் நம் உடம்புக்கு அந்நியப் புரதம். சிலருக்கு உடனடி ஒவ்வாமை வரும். சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வரும். இதை ஊனீர் நோய் என்பார்கள். ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க யோசிக்க வேண்டியிருக்கும்.

மனித ரத்தத்திலிருந்தே எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் கொடையாளருக்கு ஆந்த்ராக்ஸ் புரதத்தையும் எபோலா புரதத்தையும் மாதாமாதம் ஊசி போட்டு எதிர்ப்பொருளை ஏற்ற முடியுமா? மாட்டுக்குப் போடலாம். மனிதருக்கு ரத்தம் சுமார் 5 லிட்டர். 600 கிலோ பசுவுக்கு 30 லிட்டருக்குமேல்.

செல் தொட்டியில் வளர்க்கும் ஒற்றை வகை எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவே என்று மாணவர்கள் மடக்குவார்கள். அவை அருமையான மருந்துகள்தான். ஆனால் கிருமியின் ஒரே இடத்தைப் பிடிப்பவை. அந்த இடம் மாறினால் கைவிட்டுவிடும். மாட்டு ரத்தத்தில் வருவது பல இடங்களைப் பிடிக்கும் கலவை.

"சரி, மனுஷ மரபணுவை மாட்டுக்குள்ள எப்படித்தான் கொண்டுபோனாங்க?"

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜப்பானில் பீர் காய்ச்சும் கிரின் நிறுவனத்தின் ஆய்வகத்தில் தொடங்குகிறது கதை. பீர் நிறுவனத்துக்கு இங்கே என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். ஈஸ்ட்டோடு பழகியவர்கள் உயிர்த்தொழில்நுட்பத்துக்கு வருவது இயல்பு. அங்கே கசுமா தொமிசுகா, இசாவோ இஷிதா குழுவினர் மனித குரோமோசோம் துண்டுகளை எலிக்குள் செலுத்தி, எலி மனித எதிர்ப்பொருள் தயாரிப்பதை 1997இல் காட்டியிருந்தார்கள். பிறகு யோஷிமி குரோய்வா மனிதனின் 14ஆம் குரோமோசோமின் ஒரு துண்டோடு 22ஆம் குரோமோசோமின் லாம்டா பகுதியைக் கோத்து ஒரே குட்டி குரோமோசோம் ஆக்கினார். வெட்டி ஒட்டும் வேலை நடந்தது கோழியின் செல்லுக்குள். அந்தச் செல்வகையில் சொன்ன இடத்தில் வெட்டி ஒட்டுவது சுலபம்.

கோழி செல்லிலிருந்து வெள்ளெலி செல்லுக்கு மாற்றினார்கள். அந்த வெள்ளெலி செல்களுக்கு ஒரு மருந்து கொடுத்தால் உட்கரு சிதறி, ஒன்றிரண்டு குரோமோசோம் மட்டும் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாகிவிடும். இன்னொரு மருந்தைக் கொடுத்துச் சுழற்றினால் பொட்டலங்கள் பிதுங்கி வெளியே வரும். அவற்றைக் கன்றுக் கருவின் தோல்செல்லோடு இணைத்தால் குரோமோசோம் உள்ளே போய்விடும். மனிதன், கோழி, வெள்ளெலி, மாடு என்று நாலு வீடு மாறிய குரோமோசோம் அது. மாட்டுப் பக்கத்து வேலையைச் செய்தது ஜேம்ஸ் ரோப்ல் நடத்திய ஹெமாடெக் என்ற அமெரிக்க நிறுவனம்.

"இதுல குளோனிங் எங்க வருது? நேரா கருமுட்டைக்குள்ள வச்சா ஆகாதா?"

பொட்டலத்தை இணைத்தால் மிகக் கொஞ்சம் செல்கள்தான் அதை ஏற்கும். ஏற்ற செல்லை மட்டும் தேர்ந்தெடுக்க ஒரு மருந்தைக் கொடுத்து மற்றவற்றைச் சாகவிட வேண்டும். லட்சக்கணக்கான செல்களில் செய்யக்கூடிய வேலை இது. எண்ணிச் சில கருமுட்டைகளை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. ஆகவே முதலில் தட்டில் செல்லைத் தயார்செய்துவிட்டு, பிறகு அதிலிருந்து மாட்டை உண்டாக்க வேண்டும். செல்லிலிருந்து மாட்டுக்குப் போக இருந்த பாலம் குளோனிங். உட்கரு நீக்கிய சினைமுட்டைக்குள் இந்தச் செல்லை வைத்து, மின்துடிப்பால் இணைத்து, கருவாக வளர்த்து, வாடகைத் தாய்ப்பசுவின் கருப்பைக்குள் சேர்ப்பது. 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி ஆடு வந்த வழிதான்.

பலரும் கவனிக்காத இன்னொரு பயனும் உண்டு. உடம்பிலிருந்து எடுத்த செல் தட்டில் முடிவில்லாமல் பெருகாது. சில பத்துத் தடவை பிரிந்ததும் கிழடாகிவிடும். குரோமோசோமை ஏற்றி, பொறுக்கி, சரிபார்ப்பதற்குள் அதன் ஆயுளில் பெரும்பகுதி போய்விடும். அதனால் அந்தச் செல்லைக் குளோன் செய்து, கரு ஓரளவு வளர்ந்ததும் வெளியே எடுத்து, அதிலிருந்து புதுச் செல் வளர்த்தார்கள். கிழட்டுச் செல் மறுபடி இளமையாகிவிடும்! அந்த இளஞ்செல்லில் குரோமோசோம் இருக்கிறதா என்று இரண்டாம் முறை சலித்துவிட்டு மறுபடி குளோன் செய்தார்கள். இப்படி ஆரோக்கியமான 4 கன்றுகள் பிறந்த செய்தி 2002இல் வெளிவந்தது. கன்றுகளின் செல்களில் 78 முதல் 100 சதவீதம் வரை குரோமோசோம் தங்கியிருந்தது. பிறந்த கன்றின் ரத்தத்திலேயே மனித எதிர்ப்பொருள் தென்பட்டது.

"அப்ப நாலு கன்னு பொறந்ததோட வேலை முடிஞ்சுதா?"

அங்கேதான் வேலை ஆரம்பித்தது. மாட்டுக்குச் சொந்த எதிர்ப்பொருள் மரபணு இருக்கிறதல்லவா? அது வேலைசெய்யும்வரை மனித எதிர்ப்பொருள் சொற்பமாகவே வரும். எனவே மாட்டின் மரபணுவை நிறுத்த வேண்டும். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு படிகளையும் நிறுத்தினார்கள். அப்படியும் மாடு தன் எதிர்ப்பொருளைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால், மாட்டுக்கு அதே வேலையைச் செய்யும் இரண்டாவது மரபணு ஒன்று இருந்தது. ஆக நிறுத்த வேண்டியவை நான்கு படிகள். ஒவ்வொன்றுக்கும் செல்லில் மாற்றம், குளோன், கரு, புதுச் செல் என்று முந்தைய பதிலில் சொன்ன அதே சுற்று. மரபணுவைச் சுலபமாக வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவி வராத காலம் அது.

2009இல் இந்த மாற்றங்களெல்லாம் கொண்ட மாடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் புரதத்தை ஊசி போட்டுக் கிடைத்த மனித எதிர்ப்பொருள், சோதனை எலிகளை ஆந்த்ராக்ஸிலிருந்து காத்தது. ஆனாலும் அளவு போதவில்லை. பி செல் வளரும்போது மனிதப் புரதம் மாட்டுப் புரதங்களோடு கைகோத்துச் சைகை அனுப்ப வேண்டும். இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. 2013இல் வெளியான தீர்வு எனக்குச் சிரிப்பையும் மரியாதையையும் சேர்த்தே வரவழைத்தது: மனித எதிர்ப்பொருளில் கைகோக்கும் பகுதியை மட்டும் மாட்டுடையதாக மாற்றினார்கள். மாட்டை மனிதமாக்கப் போனவர்கள், மனிதப் புரதத்தில் கொஞ்சம் மாட்டைச் சேர்த்தபிறகே எதிர்ப்பொருள் தாராளமாகச் சுரந்தது.

"பாதி மனுஷன் பாதி மாடுன்னு சொல்லலாமா?"

மாட்டுக்குக் குரோமோசோம் 60. இதற்கு 61. அந்த ஒன்றும் மனித குரோமோசோமின் சிறு துண்டு. அது மாடு.

"மனுஷனுக்கு ஒரு குரோமோசோம் கூடினா டவுன் சிண்ட்ரோம் வருது. மாட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதா?"

டவுன் சிண்ட்ரோமில் கூடுவது 21ஆம் குரோமோசோம் முழுதும். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் மூன்று படிகளாகி அளவுக்குமீறி வேலைசெய்வதுதான் கோளாறு. இங்கே வெட்டிக் குறுக்கியதன் காரணமே வேண்டாத மரபணுக்களைக் கழிப்பது. மிஞ்சியவற்றில் முக்கியமானவை எதிர்ப்பொருள் மரபணுக்கள். அவை பி செல்லில்தான் விழிக்கும்.

உங்கள் சந்தேகம் வெற்றுச் சந்தேகமல்ல என்பதற்கு ஒரு சான்று: ஜப்பானின் தொத்தோரி பல்கலைக்கழகத்தார் மனிதனின் 21ஆம் குரோமோசோமின் நீண்ட கையை எலிக்குள் வைத்தபோது, எலியிடம் டவுன் சிண்ட்ரோமை ஒத்த அடையாளங்கள் தெரிந்தன. அந்த நிலையை ஆராயவே அப்படிச் செய்தார்கள். எந்த மரபணுக்களை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு.

"டாக்டர், அந்த மாட்டுப் பாலைக் குடிக்கலாமா?"

பால்காரர்கள் கூட்டத்தில் முதல் கேள்வியே இதுதான். குடிக்கக் கிடைக்காது. இவை மருந்துக்காக மட்டும் வளர்க்கப்படுபவை. பாலும் இறைச்சியும் சந்தைக்கு வராது. பாலிலேயே மருந்து எடுப்பது வேறு கதை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மனிதப் புரதத்தை ஆட்டுப்பாலில் சுரக்கவைத்து, அதை மருந்தாக அமெரிக்க அரசு 2009இல் அனுமதித்தது. அது சின்ன மரபணு. செயற்கை குரோமோசோம் தேவைப்படவில்லை.

கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009இல் பிறந்த கரிமா எருமைக் கன்றும் இப்படித்தானா என்று கேட்பார்கள். இல்லை. அது வெறும் நகல். மரபணு மாற்றம் எதுவும் கிடையாது. குளோனிங் வேறு, மரபணு மாற்றம் வேறு. நம் பசுவில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவே.

"ஒண்ணு வந்துட்டா போதுமே, சினை ஊசி போட்டுப் பெருக்கிடலாமே?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடுதல் குரோமோசோமுக்கு ஜோடி இல்லை. அதனால் முட்டையிலோ விந்திலோ அது பாதித் தடவைதான் போய்ச்சேரும். அதோடு முன்பு சொன்ன நான்கு படிகளும் நின்றிருக்க வேண்டும். சாதாரணக் காளையோடு சேர்த்தால் கன்றுக்கு இரண்டு நல்ல படிகள் திரும்பிவிடும். எல்லாம் ஒருங்கே அமைந்த கன்று கிடைக்கப் பல தலைமுறை ஆகும். மாட்டில் ஒரு தலைமுறை என்பது குறைந்தது இரண்டரை மூன்று வருஷம். அதனால் உறையவைத்த செல்லிலிருந்து மறுபடி மறுபடி குளோன் செய்வதே லாபம்.

"ரத்தத்தை உறிஞ்சி எடுத்தா மாடு செத்துடாதா? பாவமில்லையா?"

ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் பிளாஸ்மாவை, அதாவது எதிர்ப்பொருள் கலந்திருக்கும் நீர்ப்பகுதியை மட்டும் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். மனிதக் கொடையாளருக்குச் செய்யும் அதே முறை. மாடு நின்றபடி இருக்கும், பிளாஸ்மா ஊறிவிடும்.

பாவம் என்று நான் நினைப்பது வேறு இடத்தில். டாலிக்காக 277 முட்டைகளில் உட்கரு மாற்றப்பட்டது; பிறந்தது ஒன்று. மாட்டிலும் குளோன் கருக்களில் பெரும்பாலானவை சினை தங்காமல் போகும். தங்கியதிலும் சில பாதியில் கலையும். சில கன்றுகள் அளவுக்குமீறிப் பருத்து, நஞ்சுக்கொடி கோளாறோடு பிறக்கும். வாடகைத் தாய்க்கும் ஆபத்து. பிரசவம் பார்த்தே பழகிய எனக்கு இதை லேசாகச் சொல்ல வராது. இந்தத் துறையின் அழகான படங்களில் காட்டப்படாத பக்கம் இது.

"மாட்டுக்கு வர்ற நோய் மருந்து வழியா நமக்கு வந்துட்டா?"

வைரஸ்களை வடிகட்டியும் செயலிழக்கச் செய்தும் நீக்கும் முறைகள் ரத்த மருந்துத் தொழிலில் நன்றாகப் பழகியவை. பயமுறுத்தியது பைத்தியப் பசு நோய். அதை உண்டாக்கும் பிரியான் என்பது கிருமியல்ல, மாட்டின் சொந்தப் புரதம் ஒன்று தவறாக மடிவது. அந்தப் புரதமே இல்லாத மாடு இருந்தால்? ஹெமாடெக் குழு அதன் மரபணுவையும் நிறுத்தியது. அந்த மாடுகள் 20 மாத வயது தாண்டியும் நலமாக இருந்தன என்று 2007இல் வெளியிட்டார்கள்.

"இதுவரைக்கும் யாருக்காவது போட்டிருக்காங்களா?"

போட்டிருக்கிறார்கள். கொரோனா வகை வைரஸால் வரும் மெர்ஸ் நோய்க்கு மாட்டிலிருந்து எடுத்த மனித எதிர்ப்பொருளை அமெரிக்காவில் 38 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். 28 பேருக்கு மருந்து, 10 பேருக்கு வெற்று ஊசி. பெரிய பக்கவிளைவு இல்லை. மருந்து பாதியாகக் குறைய சுமார் 4 வாரம் ஆனது. நம் சொந்த எதிர்ப்பொருளைப் போலவே உடம்பில் தங்கியது என்று பொருள். முடிவு 2018இல் வந்தது. பிறகு கோவிட் வந்தது. அதே மாடுகளிடமிருந்து சில மாதங்களில் மருந்து தயாராகி 3ஆம் கட்டச் சோதனைவரை போனது. ஒமிக்ரான் பரவிய காலத்தில் மருத்துவமனைக்குப் போகும் அளவு நோய் முற்றுவது குறைந்துவிட்டதால் 2022இல் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து வேலைசெய்யும் என்று நிரூபிக்கப் போதுமான நோயாளிகள் இல்லாமல் போனது நல்ல செய்திதான், தயாரித்தவர்களைத் தவிர.

இப்போது அந்த வேலையை நடத்தும் சாப் என்ற அமெரிக்க நிறுவனம், முதல் வகை நீரிழிவின் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த நோயில் கணையத்தைத் தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களை அடக்க இதுவரை முயலில் எடுத்த எதிர்ப்பொருள் இருந்தது. அதில் ஊனீர் நோய்த் தொல்லை. அதன் மனித வடிவத்தை மாட்டில் எடுக்கிறார்கள்.

"மனுஷனுக்கே ஒரு குரோமோசோம் கூட வச்சு நோயைக் குணப்படுத்தலாமே?"

டுஷேன் தசைச்சிதைவு நோய்க்கு அதைத்தான் முயல்கிறார்கள். அதற்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணு சுமார் 24 லட்சம் எழுத்து நீளம்; மரபணு சிகிச்சைக்குப் பயன்படும் வைரஸ்களில் எதுவும் அதை முழுதாகச் சுமக்காது. முன்பு சொன்ன தொத்தோரி பல்கலைக்கழகத்தில் மித்சுவோ ஒஷிமுரா குழு, மரபணு முழுவதையும் ஒரு செயற்கை குரோமோசோமில் வைத்தது. அதைத் தாங்கிய செல்களை நோயுள்ள எலிகளின் தசையில் செலுத்திப் பலன் கண்டார்கள். உடம்பிலிருந்து எடுத்த செல்லில் ஏற்றித் திருப்பி வைப்பது இது. குளோனிங் கிடையாது, பிள்ளைகளுக்கும் போகாது. கருவிலேயே வைத்து மனிதரை உண்டாக்கலாமா என்று சிலர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்பார்கள். 277க்கு ஒன்று என்ற கணக்கை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

"நம்ம ஊர் பாம்புக்கடிக்கு இந்த மாட்டுல மருந்து எடுக்கலாமா?"

தத்துவத்தில் எடுக்கலாம். நஞ்சு என்பது பல புரதங்களின் கலவை. அதற்குப் பல இடங்களைப் பிடிக்கும் கலவை எதிர்ப்பொருள்தான் சரி. மனித வடிவில் இருந்தால் ஒவ்வாமையும் குறையும். தடை விலையில் இருக்கிறது. இந்தியாவில் பாம்பு கடிப்பது பெரும்பாலும் வயலில் வேலைசெய்பவர்களை. குதிரை சந்தையில் கிடைக்கும். இந்த மாடு ஒவ்வொன்றும் ஆய்வகத்தில் பிறக்க வேண்டும். அது மாறும்வரை கடிபட்டவரை எவ்வளவு சீக்கிரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும்.

அப்படியே ஒருநாள் மாட்டுக்கு மாறினாலும், மாமல்லபுரம் வழியிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலை குறையாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலும் நஞ்செடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். குதிரைக்குப் போட்டாலும் மாட்டுக்குப் போட்டாலும், ஊசியில் ஏற்ற முதலில் நஞ்சு வேண்டும்.